அருங்காட்சியகப் பாதுகாப்பு வேலைக்குப் போக வேண்டுமா? படிப்பு முதல் நிதி திரட்டல் வரை

வேதியியலோ நுண்கலையோ வரலாறோ படித்துவிட்டு அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களைச் சரிசெய்து கெடாமல் காக்கும் வேலைக்குப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அலைந்த காலத்தில் இதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்ல ஆள் இல்லை. ஓர் அலுவலகத்தில் ஒன்று சொல்வார்கள், அடுத்த அலுவலகத்தில் வேறொன்று சொல்வார்கள். பாதி விவரம் கடைசித் தேதி போன பிறகுதான் கைக்கு வரும்.

உள்ளே போவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தத் துறையில் நிரந்தரப் பணியிடம் மிகக் குறைவு. பெரும்பாலான வேலை திட்ட வேலைதான்: ஒரு சிலைத் தொகுப்பு, ஒரு சுவடி நூலகம், ஓவியங்கள் தொங்கும் ஒரு மண்டபம் என்று எடுத்துக்கொண்டு, அதற்குப் பணம் கிடைத்து, அந்தப் பணம் இருக்கும்வரை ஓடும் வேலை. அதனால் பொருளைச் சரிசெய்யத் தெரிந்தால் மட்டும் போதாது. அதற்கு என்ன ஆகியிருக்கிறது, எவ்வளவு செலவாகும், எத்தனை மாதம் பிடிக்கும் என்று இரண்டு பக்கத்தில் எழுதத் தெரிந்தவருக்குத்தான் அடுத்தடுத்து வேலை அமைகிறது. நிதி திரட்டும் பக்கம் போக நினைப்பவருக்கும் அந்த இரண்டு பக்கம்தான் மூலதனம்.

1. எந்தப் பொருளில் வேலை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

‘பாதுகாப்பு’ என்று பொதுவாகச் சொன்னாலும், உள்ளே போனால் உலோகம், கல், காகிதம், ஓலை, ஓவியம், துணி என்று பிரிந்துவிடும். ஒன்றின் வேதியியல் மற்றதற்குப் பொருந்தாது. செப்புத் திருமேனிகளில் குளோரைடு உப்பு ஏறி, ஈரக்காற்று பட்டவுடன் வெளிர்பச்சைப் பொடியாக உதிர்வதை வெண்கல நோய் என்பார்கள். அதற்கு உப்பை வெளியேற்றி, ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். தஞ்சாவூர் ஓவியத்தில் பலகை, துணி, சுண்ணப் பூச்சு, பொன் தகடு, கல் என்று அடுக்கடுக்காக இருக்கும். அதை ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தாலே சேதம்தான்.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடம், தஞ்சைக் கலைக்கூடம், சரசுவதி மகால் நூலகம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்று நம் பக்கத்திலேயே பார்க்க நிறைய இருக்கிறது. எழும்பூரில் உள்ள வேதியியல் பாதுகாப்புக் கூடம் நாட்டின் பழமையான கூடங்களில் ஒன்று. கீழடி அருங்காட்சியகம் 2023இல் திறக்கப்பட்ட பிறகு அகழாய்வில் கிடைத்த பானை ஓடு, இரும்பு, எலும்பு போன்றவற்றில் அனுபவம் உள்ளவர்களுக்கும் தேவை தெரிகிறது.

எதை எடுப்பது என்று கேட்டால், ஓலையும் காகிதமும் என்பேன். தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு அங்கே கூடுதல் மதிப்பு. ஏடுகளின் வரிசையைச் சரிபார்க்க, மை ஏறாத எழுத்தைக் கண்டுபிடிக்க, மொழி தெரிந்த கை வேண்டும். 2025–26 மத்திய பட்ஜெட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளை ஆய்ந்து, ஆவணப்படுத்திப் பாதுகாக்க ‘ஞான பாரதம்’ திட்டத்தை அறிவித்திருப்பதால், அந்தப் பக்கம் பணமும் வருகிறது.

2. படிப்பு

முழுநேரப் பட்டம் வேண்டுமென்றால் நொய்டாவில் உள்ள இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஹெரிடேஜ். முன்பு தேசிய அருங்காட்சியக நிறுவனம் என்று டெல்லியில் இருந்ததுதான் இது. பாதுகாப்புப் பாடத்தில் இரண்டாண்டு எம்.ஏ. தருகிறார்கள். அருங்காட்சியகவியல் படிக்க பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகம், கல்கத்தா பல்கலைக்கழகம், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம் இருக்கின்றன. ஆனால் அருங்காட்சியகவியல் பட்டம் உங்களைக் காப்பாட்சியர் (கியூரேட்டர்) பக்கம்தான் கொண்டுபோகும். ஆய்வகத்தில் உட்கார்ந்து வேலை செய்ய ஆசைப்பட்டு அதில் சேர்ந்துவிட்டு வருத்தப்படுபவர்கள் உண்டு. பாடத்திட்டத்தில் செய்முறைக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஓராண்டில் முடிய வேண்டும் என்றால் டெல்லி இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தின் முதுநிலைப் பட்டயங்கள். தடுப்புப் பாதுகாப்புக்கு, அதாவது பொருள் கெடுமுன்பே காப்பதற்கு ஒன்று, பண்பாட்டு மேலாண்மைக்கு ஒன்று. நிதி திரட்டும் வேலையைக் குறிவைப்பவர் இரண்டாவதைப் பார்க்கலாம்.

ஏற்கெனவே ஓர் அருங்காட்சியகத்திலோ நூலகத்திலோ வேலையில் இருப்பவர்களுக்கு லக்னோவில் உள்ள தேசியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடம், அதாவது என்.ஆர்.எல்.சி. நடத்தும் பயிற்சிகள் நல்ல வழி. அதன் தென்மண்டலக் கூடம் மைசூரில் இருக்கிறது. அதேபோல் மரபுப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பின் பாதுகாப்பு மையம் பெங்களூரு சித்ரகலா பரிஷத் வளாகத்தில் இயங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து போக இந்த இரண்டும்தான் பக்கம். டெல்லி வாடகையைப் பார்த்த பிறகு மைசூரின் அருமை புரியும்.

செலவைக் கணக்கிடும்போது கல்விக் கட்டணத்தைவிட இரண்டு ஆண்டு தங்கும் செலவுதான் பெரிது என்பதை மறக்காதீர்கள். களப்பயணச் செலவும் தனியாக வரும். விடுதி உண்டா, பெண்களுக்கு எத்தனை இடம், முதலாண்டிலேயே கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். ‘கிடைத்துவிடும், வாங்க’ என்று போனில் சொல்வதை நம்பி ரயில் ஏற வேண்டாம்.

3. சான்றிதழ்கள்: இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்

விளம்பரம் வந்தால் விண்ணப்பிக்கச் சுமார் மூன்று வாரம்தான் இருக்கும். அதற்குள் தாலுகா அலுவலகமும் பல்கலைக்கழகமும் சான்றிதழ் தராது. எனவே இவற்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

முதலாவது சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டின் பிசி, எம்பிசி சான்றிதழ் மத்திய அரசு நிறுவனங்களுக்குப் போதாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமிலேயரில், அதாவது வசதி படைத்த பிரிவில் இல்லை என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்; மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அதில் இருக்காது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க 60 ரூபாய்தான், ஆனால் கையெழுத்தாகி வர நாளாகும். அந்த நிதியாண்டுக்குச் செல்லுமா என்று பார்ப்பார்கள் என்பதால் ஏப்ரல் பிறந்ததும் புதிதாக எடுத்துவிடுவது நல்லது. பெற்றோரின் மாதச் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் கிரீமிலேயருக்கான 8 லட்சம் ரூபாய் வரம்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி. சேர்த்துக் கணக்குப் போட்டு மறுத்தால் விதியை எடுத்துக்காட்டிப் பேசுங்கள்.

இரண்டாவது, இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘க. செல்வி’, ஆதாரில் ‘செல்வி கருப்பையா’, பான் அட்டையில் ‘கருப்பையா செல்வி’ என்று இருந்தால் நமக்கு எல்லாம் ஒருவர்தான். டெல்லியில் சரிபார்ப்பவருக்கு மூன்று பேர். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றதை எல்லாம் அதற்கு ஒத்துப்போக மாற்றுங்கள். பிறகு வெளிநாட்டு உதவித்தொகைக்குப் போகும்போது பாஸ்போர்ட்டில் இதே தலைவலி வரும், இப்போதே முடித்துவிட்டால் நிம்மதி.

மூன்றாவது, வேறு மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கான இடப்பெயர்ச்சிச் சான்றிதழ். மைக்ரேஷன் சர்டிபிகேட் என்றால்தான் பல்கலைக்கழகக் கவுன்டரில் புரியும். இறுதி ஆண்டுத் தேர்வு முடிவு வந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

நான்காவது, தமிழ்வழியில் படித்தவர்களுக்கான சான்றிதழ். டிஎன்பிஎஸ்சி வேலைகளில் 20% முன்னுரிமை இதனால் கிடைக்கும். ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து தகுதிப் படிப்பு வரை தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும், படித்த ஒவ்வொரு பள்ளியிலும் கையெழுத்து வாங்க வேண்டும். நான்கு ஊர்ப் பள்ளியில் படித்தவர் கோடை விடுமுறைக்கு முன்பே கிளம்புங்கள். மே மாதம் தலைமையாசிரியரைப் பிடிப்பது லேசில்லை.

4. அனுபவமும் கையேடும்

சம்பளமில்லாப் பயிற்சி என்பது இந்தத் துறையில் சாதாரணம். அதைக் குறை சொல்லலாம், ஆனால் தவிர்க்க முடிவதில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது, முடிவில் கிடைக்கும் கடிதம். ‘எங்களிடம் சிறப்பாகப் பணியாற்றினார்’ என்ற கடிதத்தால் பயன் இல்லை. நிறுவனத்தின் தாளில், தொடங்கிய தேதி, முடிந்த தேதி, முழுநேரமா பகுதிநேரமா, ஊதியம் உண்டா, என்னென்ன வேலை செய்தீர்கள், இத்தனையும் இருக்க வேண்டும். யுபிஎஸ்சி போன்ற இடங்களில் அனுபவச் சான்றை விண்ணப்பத்தோடேயே பதிவேற்றச் சொல்கிறார்கள். தேதியும் பணியின் தன்மையும் இல்லாவிட்டால் நேர்முகத்துக்கே கூப்பிட மாட்டார்கள். அங்கிருந்து கிளம்பும் நாளிலேயே வாங்கிவிடுங்கள். அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டால் பிறகு யாரும் கையெழுத்துப் போட முன்வருவதில்லை.

கையேடு, அதாவது போர்ட்ஃபோலியோவில், சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அழகான படங்களை மட்டும் அடுக்குவது பலரின் வழக்கம். பார்ப்பவர்கள் தேடுவது வேறு. பொருளின் நிலை அறிக்கை எங்கே? அளவு, எடை, எதனால் ஆனது, எங்கெங்கே விரிசல், முன்பு யாராவது ஒட்டியிருக்கிறார்களா, எந்த வெளிச்சத்தில் படம் எடுத்தீர்கள், எந்தக் கரைப்பானை எந்த மூலையில் சோதித்துப் பார்த்தீர்கள்? ஏன் ஒரு சிகிச்சையைச் செய்யாமல் விட்டீர்கள் என்று எழுதியிருந்தால் இன்னும் நல்லது. ‘பளபளவென்று ஆக்கினேன்’ என்று எழுதினால் கதை முடிந்தது. புளி போட்டுத் தேய்த்து மேல்படிவத்தையே போக்கிவிட்ட குத்துவிளக்கை நம் வீட்டிலேயே பார்த்திருப்போம், பழஞ்சிலையில் அது குற்றம்.

பயிற்சி இடத்துப் பொருள்களின் படங்களைக் கையேட்டில் வைக்க எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கோயில் சிலை, செப்பேடு என்றால் இன்னும் கவனம். அறநிலையத் துறைக் கோயில்களில் துறையின் அனுமதி இல்லாமல் எதையும் தொடக் கூடாது, ஊர்ப் பெரியவர் ‘நாங்க சொல்றோம், பண்ணுங்க தம்பி’ என்றாலும்கூட. நூறாண்டுக்கு மேற்பட்ட சிலை, ஓவியம் போன்றவையும் 75 ஆண்டுக்கு மேற்பட்ட சுவடிகளும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். தனியார் ஒருவர் பழைய சிலையைக் கொண்டுவந்து சுத்தம் செய்து தரச் சொன்னால், பதிவுச் சான்றிதழைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

5. அரசு வேலை

மாநில அருங்காட்சியகத் துறையின் காப்பாட்சியர் பணியிடங்களை டிஎன்பிஎஸ்சி நிரப்புகிறது. ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், ஐந்தாண்டு செல்லும். தேர்வுக் கட்டணம் தனி. அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருந்து வயதைத் தொலைக்க வேண்டாம், காலியிடம் ஒன்றிரண்டுதான் வரும்.

மத்தியப் பக்கம் தொல்லியல் துறையின் அறிவியல் பிரிவு, தேசிய அருங்காட்சியகம் போன்றவற்றின் மேல்நிலைப் பதவிகளுக்கு யுபிஎஸ்சி வழியாக நேரடித் தேர்வு நடக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 25 ரூபாய். பெண்களுக்கும், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கும் அதுவும் இல்லை. கட்டணம் குறைவு என்று ஏனோதானோவென்று விண்ணப்பிக்காதீர்கள். தகுதிப் பகுதியில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு சான்று காட்ட முடிகிறதா என்று பாருங்கள்.

6. திட்ட வேலையும் வரியும்

ஒப்பந்தத்தில் சேர்ந்தால் உங்கள் ‘சம்பளம்’ பெரும்பாலும் சம்பளமாக வராது, தொழில்முறைக் கட்டணமாக வரும். 10% வரி பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். பிஎஃப் இருக்காது, விடுப்பும் இருக்காது. மாதத் தொகையைப் பேசும்போது அந்தப் பத்து சதவீதத்தையும் மருத்துவக் காப்பீட்டையும் மனதில் வைத்துப் பேசுங்கள். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், கணக்குத் தாக்கல் செய்து பிடித்ததைத் திரும்ப வாங்கலாம். ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு என்பதால் தொடக்கத்தில் அந்தக் கவலை இல்லை.

ஒப்பந்தத்தில் இன்னொன்றையும் பாருங்கள்: கரைப்பான்களோடு வேலை என்றால் முகமூடி, கையுறை, புகைபோக்கி யார் செலவு? எழுதியிருக்கவில்லை என்றால் உங்கள் செலவு.

7. நிதி திரட்டும் பக்கம்

இதைத் தனி வேலையாகவும் பார்க்கலாம். விளம்பரங்களில் ‘நிதி திரட்டுபவர் தேவை’ என்று இருக்காது. டெவலப்மென்ட், பார்ட்னர்ஷிப், ரிசோர்ஸ் மொபிலைசேஷன், சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்புப் பணி) என்ற சொற்களைப் போட்டுத் தேடுங்கள். அறக்கட்டளை நடத்தும் அருங்காட்சியகங்கள், சுவடி நூலகங்கள், மரபு அமைப்புகள் இவர்களைத் தேடுகின்றன. பொருளைப் பற்றிப் பேசத் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை என்பது அவர்களின் புலம்பல்.

பணம் எங்கிருந்து வருகிறது? நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதேனும் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2% சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதற்கான ஏழாம் அட்டவணையில் மரபு, கலை, பண்பாட்டைப் பாதுகாப்பதும் கலைப்பொருள்களை மீட்டெடுப்பதும் இருக்கின்றன. அந்த வரியைச் சொல்லிக் கடிதத்தைத் தொடங்குங்கள். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும்தான் தர முடியும் என்று நம்பிக்கொண்டிருக்கும் அதிகாரிகள் இன்னும் இருக்கிறார்கள்.

கம்பெனியை அணுகுமுன் உங்கள் அமைப்பிடம் இருக்க வேண்டியவை: 12ஏ பதிவு (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி பதிவு (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை), சிஎஸ்ஆர் பணம் வாங்கக் கம்பெனி விவகார அமைச்சகம் தரும் சிஎஸ்ஆர்-1 எண், மூன்றாண்டுப் பணி வரலாறு, தணிக்கை செய்த கணக்கு. அரசு மானியத்துக்கு, தொண்டு அமைப்புகளுக்கான அரசுத் தளமான என்ஜிஓ தர்பண் பதிவும் வேண்டும். (புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டாலும், 80ஜி என்று சொன்னால்தான் எல்லோருக்கும் புரிகிறது.) 80ஜி பெற்ற அமைப்புக்கு 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் நன்கொடையாளருக்கு வரிச்சலுகை இல்லை. ஆண்டுதோறும் நன்கொடையாளர் பட்டியலை மே 31க்குள் வரித்துறைக்குத் தர வேண்டும். அதைத் தராமல் விட்டால் அவருக்குச் சான்றிதழ் போகாது, அடுத்த ஆண்டு அவர் உங்கள் போனை எடுக்க மாட்டார்.

காலம் முக்கியம். கம்பெனிகள் ஆண்டுத் திட்டத்தை நிதியாண்டுத் தொடக்கத்தில் போடுகின்றன. ஜனவரிக்கு மேல், செலவாகாமல் மீந்த பணத்தை எங்கே கொடுப்பது என்று தேடுவார்கள். இரண்டு தடவையும் உங்கள் தாள் அவர்கள் மேசையில் இருக்கட்டும். ஆனால் மார்ச்சில் கிடைக்கும் பணத்தில் ஒரு சிக்கல்: மாத முடிவுக்குள் செலவழித்துக் கணக்குக் காட்டச் சொல்வார்கள். சிலையின் உப்பு உங்கள் நிதியாண்டைப் பார்த்து வெளியேறாது. எனவே தொடர்திட்டம் என்று முன்மொழியுங்கள். தொடங்கிய ஆண்டைத் தவிர்த்து மூன்று ஆண்டு வரை அதை நீட்டிக்க விதி இடம் தருகிறது, மீந்த பணத்தையும் கம்பெனி தனிக் கணக்கில் வைத்துத் தரலாம்.

செலவுப் பட்டியலில் வேதிப்பொருளையும் சம்பளத்தையும் எழுதிவிட்டு முடித்துவிடுகிறார்கள். விட்டுப்போவது இவை: சாரம் கட்டுவது, ஒளிப்படம், அமிலமில்லாப் பெட்டிகள், ஈரப்பதமானி, காப்பீடு, வேதிக்கழிவு அகற்றல், ஜிஎஸ்டி, வேலை முடிந்த பின் ஓராண்டு கண்காணிப்பு. நிர்வாகச் செலவு 5% மேல் கூடாது என்று கம்பெனிக்காரர் சொன்னால் பயந்து எல்லாவற்றையும் வெட்டாதீர்கள். அந்த வரம்பு கம்பெனியின் சொந்த சிஎஸ்ஆர் நிர்வாகச் செலவுக்கானது.

அரசு அருங்காட்சியகம் ஒன்றுக்குக் கொடையாளர் கிடைத்தால், காசோலையை நேரே காப்பாட்சியரிடம் கொடுக்க முடியாது. மத்திய அரசின் தேசியப் பண்பாட்டு நிதியம் இதற்காகவே 1996இல் அமைந்தது. கொடையாளர், நிதியம், பணியைச் செய்பவர் என்று ஒப்பந்தம் போடுவார்கள், கொடைக்கு முழு வரிவிலக்கு உண்டு. கையெழுத்துகள் பல மேசை தாண்டி வர வேண்டும் என்பதால் கொடையாளரிடம் உடனே வேலை தொடங்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

திரட்டும் தொகையில் சதவீதக் கமிஷன் தருகிறோம் என்று யாராவது அழைத்தால் ஒதுங்கிவிடுங்கள். இத்தொழிலின் சர்வதேச நெறிமுறை அதை ஏற்பதில்லை, கொடையாளருக்குத் தெரிந்தால் உங்கள் பெயரும் கெடும். மாதச் சம்பளமாகப் பேசுங்கள்.

8. வெளிநாட்டுப் பணமும் பயிற்சியும்

ஆளுக்குக் கிடைக்கும் உதவித்தொகை வேறு, அமைப்புக்குக் கிடைக்கும் நன்கொடை வேறு. இங்கிலாந்தில் பயிற்சிக்குச் சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தோடு தொடர்புள்ள நேரு டிரஸ்ட் இரண்டையும் பாருங்கள். ரோமில் உள்ள சர்வதேசப் பாதுகாப்பு மையமான ஐக்ரோம் நடத்தும் குறுகிய காலப் பயிற்சிகளுக்கும் இந்தியர்கள் விண்ணப்பிக்கலாம். எல்லாவற்றிலும் ‘திரும்பி வந்து என்ன செய்வீர்கள்’ என்ற கேள்வி இருக்கும். இந்த இந்தத் தொகுப்பில் இந்த இந்த வேலை என்று பெயர் சொல்லி எழுதுங்கள், கூடவே அந்த நிறுவனத்தின் கடிதத்தையும் இணையுங்கள். பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். விண்ணப்பிக்கும் முன்பே எடுத்து வையுங்கள்.

சுவடிகளை மின்னுருவாக்க பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டம் 2004 முதல் நிதி தருகிறது. ஆனால் அமைப்பாக இத்தகைய பணத்தை வாங்க எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன்அனுமதியோ வேண்டும். பதிவு பெற அமைப்புக்கு மூன்று வயதாகியிருக்க வேண்டும், அந்த மூன்றாண்டில் அமைப்பின் நோக்கத்துக்கான பணிக்கு 15 லட்சமாவது செலவழித்திருக்க வேண்டும், டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் கணக்குத் தொடங்க வேண்டும். அனுமதி உள்ள பெரிய அமைப்பு வாங்கி உங்களுக்குப் பகிர்ந்து தரலாமே என்றால், 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்த வழி அடைபட்டுவிட்டது. அப்படி யோசனை சொல்லும் ஆலோசகருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பெரிய அமைப்பே திட்டத்தை நடத்தி, உங்களை அதன் பணியாளராக நியமிக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.